அறுக்க முடியாத வயரு: போர் நடந்தப்பவும் விண்வெளி நிலையத்துல அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏன் பிரியல (நிகழ்வு ஆய்வு)

2022 மார்ச் 30. உக்ரைன் போர் ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆயிருந்துச்சு. மரியுபோல் நகரத்த சுத்தி வளச்சு குண்டு போட்டுட்டு இருந்தாங்க, மேற்கத்திய நாடுக ரஷ்யா மேல தடைக்கு மேல தடையா போட்டுட்டு இருந்துச்சு. அன்னைக்கு கஜகஸ்தான் புல்வெளில ஒரு ரஷ்ய சோயுஸ் கலம் பாராசூட்ல வந்து இறங்குச்சு, உள்ள மூணு பேரு. அன்டன் ஷ்காப்ளெரோவ், பியோத்தர் துப்ரோவ்னு ரெண்டு ரஷ்யர். மூணாவது ஆளு மார்க் வாண்டே ஹை, அமெரிக்கரு, 355 நாள் மேல இருந்துட்டு வர்றாரு, அதுவரைக்கும் எந்த அமெரிக்கரும் ஒரே பயணத்துல அவ்வளவு நாள் இருந்ததில்ல. ரஷ்ய மீட்புக் குழு ஆளுக அவர தூக்கிட்டு வந்து நாற்காலில உக்கார வச்சாங்க, பக்கத்துலயே நாசா டாக்டர்கள் நின்னாங்க, எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு. அதுக்கு முந்தின நாள்தான் ஷ்காப்ளெரோவ் சர்வதேச விண்வெளி நிலையத்தோட கமாண்டர் பொறுப்ப டாம் மார்ஷ்பர்ன்னு ஒரு அமெரிக்கர் கைல ஒப்படச்சாரு, கீழ மனுஷங்களுக்குள்ள பிரச்சினை இருக்கு ஆனா மேல நாங்க ஒரே குழுங்கற மாதிரி பேசிட்டுதான் கிளம்புனாரு.

இத படிச்சுட்டு "ஆஹா, விண்வெளிக்கு எல்லை கிடையாது, அங்க எல்லாரும் அண்ணன் தம்பி"ன்னு எழுதுனவங்க நிறைய பேரு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னா அதே பிப்ரவரி மார்ச்சுல விண்வெளில ரஷ்யாவுக்கும் மேற்குக்கும் நடுவுல இருந்த மத்த எல்லா உறவும் மளமளன்னு அறுந்துச்சு. தென் அமெரிக்கால இருக்குற பிரெஞ்சு கயானா ஏவுதளத்துல இருந்து ரஷ்யா தன்னோட ஆளுங்கள திரும்பக் கூப்பிட்டுகிச்சு. அமெரிக்க அட்லஸ் ராக்கெட்டுக்கு குடுத்துட்டு இருந்த ஆர்டி-180 இன்ஜின இனிமே தர மாட்டோம்னுச்சு. ஐரோப்பாவும் ரஷ்யாவும் பல வருஷமா சேந்து செஞ்ச, செவ்வாய்க்குப் போக வேண்டிய எக்ஸோமார்ஸ் ரோவர், கிளம்ப ஆறு மாசம்தான் இருந்துச்சு, அத ஐரோப்பா நிறுத்தி வச்சுச்சு, ஜூலைல ஒப்பந்தத்தயே முடிச்சுகிச்சு. ஒன்வெப்ங்கற இணைய சேவை கம்பெனியோட 36 செயற்கைக்கோள், கஜகஸ்தான்ல ரஷ்யா நடத்துற பைக்கனூர் ஏவுதளத்துல ராக்கெட்டு மேல ஏத்தி ரெடியா நின்னப்ப, பிரிட்டன் அரசு அந்த கம்பெனில இருந்து பங்க விலக்கிக்கணும்னு ரஷ்யா நிபந்தனை போட்டுச்சு, அவங்க மறுத்துட்டாங்க, செயற்கைக்கோள் அங்கயே மாட்டிகிச்சு.

அந்த விஞ்ஞானிகளுக்குள்ளயும் நட்பு இருந்துச்சு, அவங்களும் ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சாப்ட்டவங்கதான். அப்ப நட்புதான் காரணம்னா எக்ஸோமார்ஸ் ஏன் செத்துச்சு, விண்வெளி நிலையம் மட்டும் ஏன் பொழச்சுச்சு? என்னோட பதில் ஒண்ணுதான். பிரிக்க முடிஞ்சத பிரிச்சாங்க, நிலையத்த பிரிக்க முடியல, ஏன்னா முப்பது வருஷம் முன்னாடி அத செஞ்சவங்க பிரிக்க முடியாத மாதிரி செஞ்சு வச்சிருந்தாங்க. அது எப்படி வந்துச்சு, அதுக்கு யாரு விலை குடுத்தா (நம்மளும் குடுத்தோம்), அந்த மாதிரி கட்டு போடாத எடத்துல, அதாவது சீனா விஷயத்துல என்ன ஆச்சுங்கறதுதான் இந்த ஆய்வு.

1975: யாரு ஆணு யாரு பொண்ணு

1972 மே மாசம் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் பிரதமர் கொசிகினும் மாஸ்கோல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, ரெண்டு நாட்டு கலமும் வானத்துல சேரணும்னு. அதுக்கு முன்னாடி வரைக்கும் கலங்கள இணைக்கிற கருவி எல்லாமே ஒரு பக்கம் நீட்டிட்டு இருக்கும், இன்னொரு பக்கம் குழியா இருக்கும். பனிப்போர் காலத்துல எந்த நாடு குழியா இருக்கறது? சிரிக்கிற மாதிரி தோணும், ஆனா கௌரவப் பிரச்சினை ரெண்டு வல்லரசுக்கும் நெசமாவே பெரிய விஷயம். சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோம்யாத்னிகோவும் அமெரிக்க பொறியாளர்களும் உக்காந்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற, எது வேணும்னாலும் எதோட வேணும்னாலும் சேருற ஒரு கருவிய செஞ்சாங்க. மூணு இதழ் மாதிரி தகடு, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும்.

இன்னொரு சிக்கல் காத்து. அமெரிக்காவோட அப்பல்லோ கலத்துக்குள்ள சுத்தமான ஆக்சிஜன், அழுத்தம் கம்மி. சோயுஸ் உள்ள நம்ம பூமி காத்து மாதிரியே நைட்ரஜன் கலந்தது. கதவ அப்படியே தொறந்தா ஆளுக்கு ஆபத்து. அதனால நடுவுல ஒரு அறை செஞ்சு, ஆளு அங்க உக்காந்து அழுத்தத்த மாத்திகிட்டு அந்தப் பக்கம் போற மாதிரி வச்சாங்க. 1975 ஜூலை 17ம் தேதி டாம் ஸ்டாஃபோர்டும் அலெக்ஸி லியோனோவும் கை குலுக்கினாங்க. அமெரிக்கர் ரஷ்ய மொழில பேசணும், ரஷ்யர் இங்கிலீஷ்ல பேசணும்னு முடிவு, ஏன்னா அடுத்தவன் மொழில பேசுறப்பதான் மெதுவா, தெளிவா பேசுவோம்.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆப்கானிஸ்தான் போர் வந்துச்சு, எல்லாம் நின்னு போச்சு. நான் இத ஏன் சொல்றேன்னா, 1975ல நடந்தது ஒரு சந்திப்பு. ரெண்டு நாள் சேந்து இருந்தாங்க, பிரிஞ்சாங்க, யாருக்கும் யாரும் தேவைப்படல. அதனால முறிக்கறதும் சுலபமா இருந்துச்சு.

1993: ஒரே ஒரு ஓட்டு, அப்புறம் நம்ம கிரையோஜெனிக்

1984ல அமெரிக்க அதிபர் ரீகன் ஒரு விண்வெளி நிலையம் அறிவிச்சாரு, பின்னாடி அதுக்கு ஃப்ரீடம்னு பேரு வச்சாங்க. சோவியத்துகிட்ட சல்யூட் நிலையம் இருக்கு, நம்மகிட்ட இல்லயேங்கற போட்டிதான். ஐரோப்பா, ஜப்பான், கனடா எல்லாம் சேந்துச்சு. ஆனா வருஷாவருஷம் டிசைன மாத்தி மாத்தி, ஆயிரம் கோடி டாலருக்கு மேல செலவாகியும் ஒரு திருகாணி கூட மேல போகல. 1993 ஜூன் 23ம் தேதி அமெரிக்க கீழ்சபைல இந்த திட்டத்த மூடிரலாம்னு தீர்மானம் வந்துச்சு. 215 பேரு மூடணும்னாங்க, 216 பேரு வேண்டாம்னாங்க. ஒரு ஓட்டு.

அந்தப் பக்கம் நிலைமை இதவிட மோசம். 1991 மே மாசம் செர்கெய் கிரிகாலியோவ்ங்கற வீரர் மீர்ங்கற சோவியத் விண்வெளி நிலையத்துக்கு கிளம்புனப்ப அவரு சோவியத் குடிமகன். அந்த டிசம்பர்ல சோவியத்தே இல்ல, ஏவுதளம் கஜகஸ்தான்ங்கற வேற நாட்டுக்குப் போயிருச்சு. அவரு கூடுதலா பல மாசம் மேலயே இருந்துட்டு 1992 மார்ச்லதான் எறங்குனாரு. கீழ ராக்கெட் விஞ்ஞானிகளுக்கு சம்பளம் வரல. வாஷிங்டனுக்கு பெரிய பயமே இதுதான், இந்த ஆளுக ஈரானுக்கோ வட கொரியாவுக்கோ போய் ஏவுகணை செஞ்சு குடுத்துட்டா?

ஆக ரெண்டு பக்கமும் தேவை இருந்துச்சு. அமெரிக்காவுக்கு திட்டத்த காப்பாத்த ஒரு காரணம் வேணும், ரஷ்யாவுக்கு பணம் வேணும். 1993 செப்டம்பர்ல துணை அதிபர் அல் கோரும் ரஷ்ய பிரதமர் செர்னோமிர்தினும் கையெழுத்துப் போட்டாங்க, ரெண்டு நாட்டு நிலையத் திட்டமும் ஒண்ணாச்சு. அதே நேரத்துல ரஷ்யா இன்னொண்ணுக்கும் ஒத்துகிச்சு, ஏவுகணை தொழில்நுட்பத்த வெளிநாட்டுக்கு குடுக்குறதுல சர்வதேச கட்டுப்பாட்ட மதிச்சு நடப்போம்னு.

இங்கதான் நம்ம கதை வருது, இத நம்மாளுக நிறைய பேரு விண்வெளி நிலையத்தோட சேத்துப் பாக்கறதே இல்ல. 1991ல இஸ்ரோ, அப்ப சோவியத்தோட விண்வெளி நிறுவனமா இருந்த கிளாவ்காஸ்மோஸ்கிட்ட கிரையோஜெனிக் இன்ஜினும் (ரொம்ப குளிர வச்ச திரவ எரிபொருள்ல ஓடறது) அத செய்யற தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு, சுமார் 235 கோடி ரூபா. 1992 மே மாசம் அமெரிக்கா இஸ்ரோ மேலயும் கிளாவ்காஸ்மோஸ் மேலயும் ரெண்டு வருஷத் தடை போட்டுச்சு, இது ஏவுகணைக்கு பயன்படும்னு. மைனஸ் 253 டிகிரில வைக்க வேண்டிய திரவ ஹைட்ரஜன ஊத்தி, போருக்கு தயாரா நிக்கிற ஏவுகணைய யாரும் செய்ய மாட்டாங்கன்னு நம்ம ஆளுக சொல்லிப் பாத்தாங்க, எடுபடல. 1993 ஜூலைல ரஷ்யா பின்வாங்கிருச்சு. தொழில்நுட்பம் கிடையாது, செஞ்ச இன்ஜின் மட்டும் ஏழு தரோம்னு முடிஞ்சுது.

எனக்கு சொந்த ஊரு பணகுடி பக்கம். மகேந்திரகிரி அடிவாரத்துல இஸ்ரோ இன்ஜின் டெஸ்ட் பண்ணா அந்த உறுமல் சத்தம் கேட்டு வளந்த ஆளு நானு. அங்க வேலை பாத்தவங்களுக்கு அந்த ஏழு இன்ஜின் கணக்கு மனப்பாடம். சொந்தமா செய்ய ஆரம்பிச்சு, 2010 ஏப்ரல்ல முதல் முயற்சி கடல்ல விழுந்து, 2014 ஜனவரி 5ம் தேதிதான் ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் நம்ம சொந்த கிரையோஜெனிக்ல ஜெயிச்சுது. இருபது வருஷம். ரெண்டு பெரிய நாடு கை குலுக்குனப்ப அந்தக் கைக்கு நடுவுல நசுங்குனது நம்ம இருபது வருஷம். அந்த ஒத்துழைப்ப நான் மதிக்கிறேன், கீழ எழுதப் போறதெல்லாம் அத பாராட்டித்தான், ஆனா அதுக்கு விலை குடுத்தவங்க பேரு அந்த ஒப்பந்தத்துல எங்கயும் இல்லங்கறத விட்டுட்டு எழுத எனக்கு மனசு வரல.

கட்டு எப்படி போட்டாங்க

மொதல்ல பழக்கம். ஷட்டில்-மீர் திட்டம்னு 1994ல இருந்து 1998 வரைக்கும், அமெரிக்கா சுமார் 40 கோடி டாலர் ரஷ்யாவுக்கு குடுத்துச்சு, அமெரிக்கர்கள் மீர்ல மாசக்கணக்குல தங்குனாங்க. 1997 பிப்ரவரில மீர் உள்ள தீ பிடிச்சுச்சு. அதே வருஷம் ஜூன் 25ம் தேதி ஒரு சரக்குக் கலம் வந்து ஸ்பெக்தர் அறை மேல மோதி ஓட்டை விழுந்து காத்து வெளிய போக ஆரம்பிச்சுச்சு. கதவு வழியா வயருக போயிட்டு இருந்ததால கதவ சாத்த முடியல, வயர கழட்டி அறுத்துப் போட்டுட்டு மூடுனாங்க. மைக்கேல் ஃபோல்ங்கற அமெரிக்கரு அப்ப உள்ள இருந்தாரு, அவரு தூங்குற எடமே அந்த ஸ்பெக்தர்லதான். செத்துப் பொழச்ச அனுபவம், அத ரெண்டு நாட்டுக்காரனும் சேந்து பட்டான்.

அப்புறம் உண்மையான கட்டு. 1998 நவம்பர் 20ம் தேதி முதல் பகுதி ஸர்யா மேல போச்சு. மாஸ்கோல க்ருனிசெவ் நிறுவனம் செஞ்சது, காசு அமெரிக்கா குடுத்தது, அதனால சட்டப்படி அது அமெரிக்காவோட சொத்து. ரெண்டு வாரத்துல அமெரிக்காவோட யூனிட்டி போய் சேந்துச்சு. டிசம்பர் 10ம் தேதி உள்ள நுழையறப்ப கமாண்டர் பாப் கபானா தான் மட்டும் முன்னாடி போகல, கிரிகாலியோவயும் பக்கத்துல வச்சுகிட்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போனாங்க. மீர்ல இருந்தப்ப நாட்டயே இழந்த அதே கிரிகாலியோவ்.

நிலையத்தோட வேலைப் பங்கு இப்படி. மின்சாரம் பெரும்பாலும் அமெரிக்கப் பக்கத்து சோலார் தகடுகள்ல இருந்து வரும், ரஷ்யப் பக்கத்துக்கும் அதுல இருந்து ஒரு பங்கு போகும். நிலையம் தலைகீழா பொரளாம நேரா நிக்க அமெரிக்கப் பக்கத்துல நாலு பெரிய சுழல் சக்கரம் இருக்கு. ஆனா 400 கிலோமீட்டர் ஒசரத்துலயும் கொஞ்சூண்டு காத்து இருக்கு, அது இழுத்து இழுத்து மாசத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் அளவுக்கு நிலையம் கீழ எறங்கிட்டே இருக்கும். மேல தூக்கி விடற இன்ஜின் ரஷ்யப் பக்கம். ஸ்வெஸ்தா பகுதியும் அதுல வந்து மாட்டுற புரோக்ரெஸ் சரக்குக் கலமும்தான் பெரும்பாலும் உந்தித் தள்ளும், எரிபொருள் ரொப்பறதும் அந்த வழியாத்தான். சுழல் சக்கரம் தாங்க முடியாத அளவுக்குப் போனா அத ஆசுவாசப்படுத்தறதும் ரஷ்ய உந்துகலம்தான். ஹூஸ்டன்ல இருக்குற நாசா கட்டுப்பாட்டு அறை இல்லாம கரண்டு இல்ல, மாஸ்கோ பக்கத்து கொரோலியோவ்ல இருக்குற ரஷ்ய கட்டுப்பாட்டு அறை இல்லாம ஒசரம் இல்ல.

இது திட்டம் போட்டு செஞ்சதா, காசில்லாம அமைஞ்சதான்னு கேட்டா ரெண்டும்தான். ஏன்னா நடுவுல ஒரு கட்டத்துல அமெரிக்கா இந்த கட்ட அவுத்துருக்கலாம். ரஷ்யாகிட்ட பணம் இல்லாம ஸ்வெஸ்தா ரெண்டு வருஷத்துக்கு மேல லேட்டாச்சு. வராமயே போயிருமோன்னு பயந்து அமெரிக்க கடற்படை ஆய்வுக்கூடத்துல ஒரு மாற்று உந்து பகுதிய செய்ய ஆரம்பிச்சாங்க. 2000 ஜூலைல ஸ்வெஸ்தா ஒருவழியா போய் சேர, அந்த மாற்று குடோன்லயே தங்கிருச்சு. அன்னைக்கு அது மேல போயிருந்தா 2022 மார்ச்சுல என்ன முடிவு எடுத்துருப்பாங்கன்னு நான் அடிக்கடி நெனச்சுப் பாப்பேன்.

2000 நவம்பர் 2ல இருந்து இன்னைக்கு வரைக்கும் அங்க ஆளில்லாத நாளே கிடையாது. 2003 பிப்ரவரி 1ம் தேதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோட கொலம்பியா ஒடஞ்சு போனப்ப, ஷட்டில் ரெண்டு வருஷத்துக்கு மேல கிளம்பல, சோயுஸும் புரோக்ரெஸும்தான் நிலையத்த உயிரோட வச்சுச்சு. 2011ல ஷட்டில் ஒரேயடியா நின்னப்புறம் 2020 மே வரைக்கும் அமெரிக்கா தன் ஆளுங்கள அனுப்ப சோயுஸ் சீட்டுதான் வாங்குச்சு, கடைசில ஒரு சீட்டு 9 கோடி டாலர் வரைக்கும் போச்சு. 2014ல கிரிமியா பிரச்சினைல தன் மேலயே தடை போட்டதும், அப்ப ரஷ்ய துணைப் பிரதமரா இருந்த திமித்ரி ரோகோசின், இனி டிராம்போலின் வச்சு குதிச்சுப் போங்கன்னு அமெரிக்காவ சீண்டுனாரு. சீட்டு விக்கிறது மட்டும் நிக்கல.

2022: வாய் வேற, கை வேற

பிப்ரவரி 24 படையெடுப்பு. அன்னைக்கே பைடன் பேசுறப்ப ரஷ்யாவோட விண்வெளித் திட்டத்தையும் இந்த தடை பாதிக்கும்னு பேரச் சொல்லியே சொன்னாரு. ரோகோசின் அப்ப ரஷ்ய விண்வெளி நிறுவனமான ரோஸ்காஸ்மோஸோட தலைவர். உடனே ட்விட்டர்ல எறங்குனாரு, ஒத்துழைப்ப நிறுத்துனா நிலையம் கட்டுப்பாடில்லாம அமெரிக்கா மேலயோ ஐரோப்பா மேலயோ விழறத யாரு தடுப்பான்னு. அதோட விடல, 500 டன் பொருள் இந்தியா மேலயோ சீனா மேலயோ விழவும் வாய்ப்பு இருக்கு, அவங்கள இப்படி மிரட்டப் போறீங்களான்னு அமெரிக்காவ கேட்டாரு. நம்ம எந்த சண்டைலயும் இல்ல, நம்ம தலை மட்டும் உதாரணத்துக்கு வந்துருச்சு, படிச்சப்ப எனக்கு 1993தான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா அந்த வாரங்கள்ல கீழ கட்டுப்பாட்டு அறைல இருந்த பொறியாளருக தெனமும் பேசிட்டுதான் இருந்தாங்க. புரோக்ரெஸ் வழக்கம்போல உந்திச்சு, கரண்டு வழக்கம்போல போச்சு. ஜூலைல மூணு ரஷ்ய வீரர்கள், உக்ரைன்ல ரஷ்யா பிடிச்ச லுகான்ஸ்க் பகுதியோட கொடிய நிலையத்துக்குள்ள பிடிச்சு நின்ன படத்த ரோஸ்காஸ்மோஸ் வெளியிட்டுச்சு, நாசா வழக்கத்துக்கு மாறா வெளிப்படையாவே கண்டிச்சுது. பத்தே நாள்ல, ஜூலை 15ம் தேதி, ஒரே நாள்ல ரெண்டு செய்தி வந்துச்சு. ரோகோசின் பதவி போச்சு. சீட்டு மாத்திக்கிற ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அதாவது சோயுஸ்ல ஒரு அமெரிக்கர், அமெரிக்க ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட டிராகன் கலத்துல ஒரு ரஷ்யர், காசு கை மாறாது. எதுக்கு இந்த மாத்தம்? ஒரு கலம் ஏதோ காரணத்தால கிளம்ப முடியாம போனாலும் ரெண்டு பக்கத்து எந்திரத்தயும் தெரிஞ்ச ஆளு குறஞ்சது ஒருத்தராவது மேல இருக்கணும். போர் நடுவுல கட்ட அவுக்காம இன்னும் ஒரு முடிச்சு சேத்துப் போட்டுகிட்டாங்க.

அந்த முடிச்சு எவ்வளவு தேவைன்னு அஞ்சே மாசத்துல தெரிஞ்சுது. செப்டம்பர்ல ஃபிராங்க் ரூபியோங்கற அமெரிக்கர் சோயுஸ்ல போனாரு, அக்டோபர்ல அன்னா கிகினாங்கற ரஷ்யர் டிராகன்ல போனாங்க. டிசம்பர் நடுவுல ரூபியோ வந்த சோயுஸோட குளிரூட்டும் திரவம் பூராவும் பீய்ச்சி அடிச்சு வெளிய போயிருச்சு, நுண்ணிய விண்கல் பட்டுருக்கும்னு ரஷ்யா சொல்லுச்சு. இப்ப அவசரம்னா அந்த மூணு பேரு எதுல எறங்குவாங்க? சூடாகிப் போற கலத்துல மூணு பேரு உக்காந்தா இன்னும் சூடு ஏறும். 2023 ஜனவரில ரூபியோவோட சீட்டு மெத்தைய கழட்டி எடுத்துட்டுப் போய் கிகினா வந்த டிராகன்ல பொருத்துனாங்க. ஒரு ஆளு கொறஞ்சா சோயுஸ்ல மீதி ரெண்டு ரஷ்யருக்கும் சூடு கம்மியாகும். பிப்ரவரில ஆளில்லாத புது சோயுஸ் வந்துச்சு, ரூபியோ 371 நாள் இருந்துட்டு செப்டம்பர்ல கஜகஸ்தான்ல எறங்குனாரு. வாண்டே ஹை ரெக்கார்டு போச்சு. உக்ரைன்ல பாக்முத் நகரச் சண்டை நடந்துட்டு இருந்த காலத்துலதான் இதுல பெரும்பகுதி.

அதுக்காக எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு நெனச்சுக்காதீங்க. 2021 நவம்பர் 15ம் தேதி ரஷ்யா தன்னோட பழைய செயற்கைக்கோள் ஒண்ண ஏவுகணையால ஒடச்சு டெஸ்ட் பண்ணிச்சு, கண்காணிக்கிற அளவு பெரிய துண்டே 1,500க்கு மேல. நிலையத்துல இருந்த ஏழு பேரும் கலங்களுக்குள்ள போய் பதுங்குனாங்க. அதுல ஷ்காப்ளெரோவ், துப்ரோவ், வாண்டே ஹை மூணு பேரும் ஒரே சோயுஸ்ல, நான் ஆரம்பத்துல சொன்ன அதே மூணு பேரு. சொந்த நாட்டு ராணுவம் ஒடச்ச துண்டு சொந்த ஆளு மேலயே படலாம்னு இருந்த நிலைமை. ஸ்வெஸ்தாவோட பின்பக்கத்துல வருஷக்கணக்கா காத்து கசிஞ்சுச்சு, அதுக்கு என்ன காரணம், எவ்வளவு ஆபத்துங்கறதுலயே ரெண்டு பக்கமும் வேற வேற கருத்து சொன்னாங்க.

கட்டு போடாத எடம்

சீனா இந்த நிலையத்துல சேர ஆர்வம் காட்டுன காலம் ஒண்ணு உண்டு. அமெரிக்கா விடல. 2011ல அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் ஃபிராங்க் உல்ஃப் கொண்டு வந்த விதி, நாசா சீனாவோட நேரடியா எந்த கூட்டு வேலையும் செய்ய பணம் செலவழிக்கக் கூடாதுன்னுச்சு, பின்னாடி, செய்யணும்னா எஃப்பிஐய கலந்துகிட்டு காங்கிரஸுக்கு முன்கூட்டியே சான்று குடுக்கணும்னு ஆச்சு. தொழில்நுட்பம் திருடு போகுங்கற பயம், மனித உரிமை, ரெண்டுமே காரணமா சொன்னாங்க. அந்தப் பயம் பொய்யுன்னு நான் சொல்லல. ஆனா பலன் என்ன? அதே வருஷம் சீனா தியாங்கோங்-1ங்கற சின்ன சோதனை நிலையத்த அனுப்பிச்சு, 2021 ஏப்ரல்ல புது நிலையத்தோட முதல் பகுதி தியான்ஹே, 2022 நவம்பர்ல முழு நிலையமும் ரெடி. தடுத்ததால சீனா நின்னு போகல, சொந்தமா செஞ்சுகிச்சு. எங்க ஊருக்குத் தெரியும் இந்தக் கதை, மகேந்திரகிரிலயும் இதேதான் நடந்துச்சு.

2021ல ஸ்பேஸ்எக்ஸோட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் ரெண்டு தடவ பக்கத்துல வந்து, உள்ள ஆளு இருந்த சீன நிலையம் விலகிப் போக வேண்டி வந்துச்சு. சீனா இத எங்க சொல்லுச்சு தெரியுமா, ஐநாவுக்கு கடிதம் எழுதி, டிசம்பர் மாசம். ஹூஸ்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவுல எந்நேரமும் திறந்திருக்குற லைன் மாதிரி ஒண்ணு பெய்ஜிங் கூட இல்ல. 2025 அக்டோபர்ல சிட்னில நடந்த விண்வெளி மாநாட்டுல ஒரு நாசா அதிகாரி சந்தோஷமா சொன்ன செய்தி, ரெண்டு செயற்கைக்கோள் மோதுற மாதிரி இருந்தப்ப முதல் முறையா சீனாவே கூப்பிட்டு நீங்க நில்லுங்க, நாங்க விலகிக்கறோம்னு சொல்லுச்சாம். 1975ல கை குலுக்குன கதைய பாத்துட்டு இத படிச்சா மனசு கஷ்டமா இருக்கு, ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு மெசேஜுக்கு கொண்டாட்டம்.

2025 நவம்பர்ல இன்னும் ஒண்ணு நடந்துச்சு. சீன நிலையத்துல நின்ன ஷென்சோ-20 கலத்தோட ஜன்னல்ல விரிசல், குப்பைத் துண்டு பட்டுருக்கும்னு சந்தேகம். அதுல எறங்க வேண்டிய மூணு பேரும் புதுசா வந்தவங்களோட கலத்துல நவம்பர் 14ம் தேதி எறங்குனாங்க. அப்ப மேல இருந்த புது மூணு பேருக்கு நம்பி எறங்க கலமே இல்ல. 25ம் தேதி ஆளில்லாத ஷென்சோ-22 போற வரைக்கும் பதினோரு நாள் அப்படித்தான். சீனா நல்லாவே சமாளிச்சுச்சு, வேகமா அனுப்புனாங்க, பாராட்டணும். ஆனா ரூபியோவுக்கு பக்கத்து வீட்டுல ஒரு எடம் கெடச்சுதே, அந்த மாதிரி பக்கத்து வீடு இவங்களுக்கு கிடையாது.

சின்ன கதவு அங்கங்க இருக்கு. 2021ல செவ்வாய சுத்துற கலங்க மோதாம இருக்க நாசாவும் சீனாவும் பாதை விவரத்த மாத்திகிட்டாங்க. சாங்'ஏ-5 கொண்டு வந்த நிலா மண்ண 2025ல சீனா வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு இரவல் குடுத்துச்சு, அதுல பிரவுன், ஸ்டோனி புரூக்னு ரெண்டு அமெரிக்க பல்கலைக்கழகமும் உண்டு. மண்ணு குடுத்து வாங்கறது நல்ல விஷயம்தான், ஆனா நாளைக்கு சண்டை வந்தா அது எக்ஸோமார்ஸ் மாதிரி ஒரே நாள்ல நின்னு போற உறவு.

இப்ப முடிச்சு அவுந்துட்டு இருக்கு

ஒன்வெப் கதை பாக்கி இருக்கு. பைக்கனூர்ல மாட்டுனதுக்கு அப்புறம் அந்த கம்பெனி இஸ்ரோகிட்ட வந்துச்சு. 2022 அக்டோபர் 23, 2023 மார்ச் 26, ரெண்டு தடவ, 36, 36ஆ மொத்தம் 72 செயற்கைக்கோள ஸ்ரீஹரிகோட்டால இருந்து எல்விஎம்3 கொண்டு போச்சு. அந்த ராக்கெட்டோட மேல்கட்டம் கிரையோஜெனிக், சிஇ-20 இன்ஜின், மகேந்திரகிரில ஓட்டிப் பாத்து அனுப்பினது. அவங்க சேந்தப்ப நமக்கு மறுக்கப்பட்ட பொருளு, அவங்க பிரிஞ்சப்ப நம்ம கைல இருந்துச்சு. அன்னைக்கு டிவில பாத்துட்டு இருந்த எங்க மாமா, அங்க டெஸ்ட் ஸ்டாண்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, ஒண்ணும் பேசல, எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு.

நிலையத்துலயும் அமெரிக்கா மெல்ல மெல்ல கட்ட அவுக்குது. 2018ல சின்னதா டெஸ்ட் பண்ணிப் பாத்த அமெரிக்க சிக்னஸ் சரக்குக் கலம் 2022 ஜூன்ல முழு அளவுல நிலையத்த உந்துச்சு, 2024 நவம்பர்ல டிராகன் அத செஞ்சுச்சு. கடைசில நிலையத்த பசிபிக் கடல்ல எறக்கவும் மொதல்ல ரஷ்யாவோட புரோக்ரெஸத்தான் நம்பியிருந்தாங்க, 2024 ஜூன்ல 84.3 கோடி டாலர் வரைக்கும் தரோம்னு ஸ்பேஸ்எக்ஸ்கிட்ட தனிக் கலத்துக்கு ஒப்பந்தம் போட்டாச்சு. பாதுகாப்புன்னு பாத்தா சரியான முடிவுதான், ஒரே ஆள நம்பி 420 டன் இரும்ப தொங்க விட முடியாது. ஆனா இதுக்கு அப்புறம் வரப் போற அமெரிக்க தனியார் நிலையங்கள்ல ரஷ்யா கிடையாது, ரஷ்யா தனியா ஒண்ணு செய்யறேங்குது, சீனா தனியா ஏற்கனவே இருக்கு, நிலாவுக்கும் அமெரிக்கா பக்கம் ஒரு அணி, சீனா ரஷ்யா பக்கம் ஒரு அணி. இந்தியா 2023 ஜூன்ல அமெரிக்க அணியோட ஆர்டெமிஸ் உடன்படிக்கைல கையெழுத்து போட்டுச்சு. 2025ல நம்ம சுபான்ஷு சுக்லா அமெரிக்க டிராகன்ல நிலையத்துக்குப் போனாரு, அவரு அதுக்கு முன்னாடி ககன்யானுக்காக பயிற்சி எடுத்தது ரஷ்யால. இப்படி ரெண்டு பக்கமும் பழக்கம் உள்ள ஆளுக இனி கொறஞ்சுகிட்டே போவாங்களோன்னுதான் எனக்கு கவலை.

2025 ஜூலை கடைசில ரோஸ்காஸ்மோஸ் புதுத் தலைவர் பக்கனோவ் ஃபுளோரிடா போய் அப்ப நாசாவோட தற்காலிகத் தலைவரா இருந்த ஷான் டஃபிய நேர்ல பாத்தாரு, 2018க்கு அப்புறம் ரெண்டு தலைவர்களும் நேருக்கு நேர் உக்காந்தது அதுதான். 2028 வரைக்கும் நிலையத்த சேந்து ஓட்டுறது, அப்புறம் எறக்குற வேலைல 2030 வரைக்கும் சேந்து இருக்கறதுன்னு பேசியிருக்காங்க. அமெரிக்காவோட கணக்கு 2030 வரைக்கும் ஓட்டணும்ங்கறது. அந்த நடுவுல இருக்குற ரெண்டு வருஷத்துக்கு புரோக்ரெஸ் எத்தன தடவ எரிபொருளோட கிளம்பும், ஸ்வெஸ்தா டேங்குல எவ்வளவு மிச்சம் இருக்கும்ங்கறதத்தான் நான் இனி பாத்துட்டு இருக்கப் போறேன்.